டிரிப் ராடைக் கம்பியால் கட்டியது யார் குற்றம்? சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

நைட்ஷிப்டு | 17 நவம்பர் 2024

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போகிற ஆள் நான், எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் ரோட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் 11 வருஷமாக வேலை. வண்டிக்குப் போகிற புஷ், சீல், கால்மிதி என்று கலந்து ஓடும். மொத்தம் 28 பேர். இரவு ஷிப்டு சூப்பர்வைசர் நான்.

எங்களிடம் 16-க்கு 42 அங்குல மிக்சிங் மில் ஒன்று இருக்கிறது. பார்க்காதவர்கள் கரும்புச்சாறு பிழிகிற மெஷினைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரும்பு ரோல், இரண்டும் உள்பக்கமாகச் சுற்றும், முன்ரோல் ஒரு வேகம், பின்ரோல் ஒரு வேகம். நடுவில் ரப்பரும் கார்பனும் எண்ணெயும் அரைபட்டுப் பிசைந்த மாவு மாதிரி வரும். ஆபரேட்டர் முன்னால் நின்று கத்தியால் வெட்டி, மடித்து, மறுபடி உள்ளே கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை போனால் ரோல் இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் குறுக்கே ஒரு டிரிப் ராடு. மாட்டினவன் தலையால் முட்டினாலும் சரி, இன்னொரு கையால் தள்ளினாலும் சரி, கரண்ட் அறுந்து பிரேக் பிடிக்க வேண்டும்.

அந்த ராடு ஆவணியிலிருந்து கட்டுக்கம்பியால் கட்டிக் கிடந்தது.

ஸ்பிரிங் தளர்ந்துபோய்த் தோள் லேசாகப் பட்டாலே மில் நின்றுவிடும். ஒரு ஷிப்டுக்கு எட்டுப் பத்துத் தடவை. நின்றால் ரோலில் இருக்கிற சரக்கு இறுகி, மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது மோட்டார் திணறும். பேட்ச் கணக்கு குறையும், காலையில் யார் திட்டு வாங்குவது? யாரோ ஒருநாள் கட்டினார்கள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பகல் ஷிப்டைக் கேட்டால் ராத்திரி ஆள் என்பார்கள், எங்கள் ஆட்களைக் கேட்டால் பகல் ஆள் என்பார்கள்.

போன செவ்வாய் அதிகாலை 2.40. ஆபரேட்டர் டீ குடிக்கப் போனார், ஹெல்பர் தம்பி மில்லில் நின்றான். கான்ட்ராக்ட் ஆள், வந்து ஐந்து மாதம். கையுறை போட்டிருந்தான். கையுறை நுனி சரக்கில் ஒட்டி உள்ளே போனது. அவன் தலையால் ராடை முட்டினான், என் கண்ணால் பார்த்தேன். இரண்டு தடவை முட்டினான். நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். பேனலுக்குப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும், அப்புறம் எண்ணிப் பார்த்தேன். அணைத்த பிறகும் ரோல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கையை எடுக்க ரோலை விலக்க வேண்டும். அந்த ஹாண்ட்வீலை எந்தப் பக்கம் திருப்புவது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் வலதுகை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது முதலாளி ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருக்கிறார். ‘ராடைக் கட்டியது நான்தான், என் கவனக்குறைவால் நடந்தது, நிர்வாகம் பொறுப்பல்ல.’ தம்பியிடம் இடதுகைப் பெருவிரல் ரேகை வாங்கப் போகிறார்கள். சாட்சி நான். போட்டால் ‘பையனுக்கு ஏதாவது பார்த்துச் செய்கிறேன்’ என்கிறார். போடாவிட்டால் என் வேலை இருக்குமா தெரியாது. மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகை_வடகரை | 17 நவம்பர்

முதலில் ஒன்று. பையன் தண்ணி போட்டிருந்தானா? ராத்திரி ஷிப்டு லட்சணம் நமக்குத் தெரியாதா.

நைட்ஷிப்டு | 17 நவம்பர்

இல்லை. பாக்குகூடப் போடாதவன்.

கூடல்நகர் | 18 நவம்பர்

அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க. அவ்வளவுதான் என் கருத்து. விரல் போனவன் குற்றவாளி, விரல் இருக்கிறவன் சாட்சி, நல்லா இருக்கு நியாயம்.

சேஃப்டிக்காரர் | 18 நவம்பர்

தம்பி, நான் ஒரு பெரிய ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. பையனுக்குப் பணம் வருமா என்பது ஒன்று. யார் பொறுப்பு என்பது இன்னொன்று. முதலாளி கடிதம் வாங்குவதே இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பத்தான்.

பணத்தை முதலில் பார்ப்போம். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 51-ஏ, 51-பி என்று இரண்டு பிரிவுகள் உண்டு. வேலை நேரத்தில் நடந்த விபத்தை, வேறு சான்று இல்லாதவரை, வேலையால் வந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது முதலாவது. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். தொழிலாளி சட்டத்தையோ மேலாளர் உத்தரவையோ மீறித்தான் அந்தக் காரியத்தைச் செய்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதை முதலாளியின் தொழிலுக்காகச் செய்திருந்தால் அது வேலை விபத்துதான். பையன் ராடைக் கட்டினானோ இல்லையோ, ரப்பர் அரைத்தது கம்பெனிக்காக. ஆக, ‘என் தப்பு’ என்று அவன் நூறு ரேகை வைத்தாலும் அவனுக்கு வர வேண்டியது நின்றுபோகாது. அது தெரியாத பையனைப் பயமுறுத்த மட்டுமே அந்தக் காகிதம் உதவும்.

வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குத் தினசரி சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள் முடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நோய்க்கு விடுப்பு எடுத்தால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டே, அது வேலை விபத்துக்குக் கிடையாது. காயம் ஆறியதும் மருத்துவக் குழு ஊனத்தின் சதவீதத்தை மதிப்பிடும். ஒரு கையில் இரண்டு விரல் போனால் அட்டவணையில் 20 சதவீதம். அந்தக் கணக்கில் ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும்.

பையனுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா?

நைட்ஷிப்டு | 18 நவம்பர்

அதுதான் சார் சிக்கல். கான்ட்ராக்டர் இன்னும் பதியவே இல்லை. ‘ஆறு மாதம் நிற்கிறானா பார்த்துவிட்டுப் பதியலாம்’ என்பது அவர் வழக்கம்.

சேஃப்டிக்காரர் | 18 நவம்பர்

எல்லா ஊரிலும் இதே பாட்டு! வேலைக்குச் சேர்ந்த பத்து நாளில் பதிந்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் சந்தாவுக்கு முதன்மை முதலாளிதான் பொறுப்பு, அதாவது மில் யாருடையதோ அவர். முதலாளி கட்டாமல் விட்டதால் தொழிலாளிக்குப் பலன் போகிற நிலை வந்தால், இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க 68-ஆம் பிரிவு இருக்கிறது. சம்பளம் 21,000-க்குள்தானே? அப்படியானால் பையன் வீட்டில் யாராவது அவன் வருகைப்பதிவு, கூலிச்சீட்டு, கான்ட்ராக்டர் அனுப்பிய வாட்ஸாப் செய்தி, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. அலுவலகம் போகட்டும். தாமதிக்க வேண்டாம்.

சின்னப்பட்டறை | 19 நவம்பர்

எல்லோரும் முதலாளியையே சாத்துகிறீர்களே, நானும் ஒரு முதலாளிதான். புதூர் பக்கம் 14 பேர் வைத்து லேத், பிரஸ் ஓட்டுகிறேன். மெஷினுக்குத் தடுப்புக் கார்டு போட்டுக் கொடுப்பேன், மறுநாள் ஸ்பேனரை எடுத்துக் கழற்றிவிட்டு ‘சரக்கு தெரியல முதலாளி’ என்பான். கண்ணாடி வாங்கிக் கொடுப்பேன், நெற்றியில் மாட்டியிருப்பான். நான் என்ன பக்கத்திலேயே நிற்கவா முடியும்? ஆள் செய்கிற தப்புக்கு ஜெயில் எனக்கா? வங்கித் தவணை, கரண்ட் பில், ஜி.எஸ்.டி. இதெல்லாம் கட்டிவிட்டு மிச்சத்தில் நான் சாப்பிட வேண்டும். பிரேக் மாற்ற மில்லை மூன்று நாள் நிறுத்தினால் ஆர்டர் கோயம்புத்தூருக்குப் போய்விடும். இதையும் யாராவது எழுதுங்கள்.

கூடல்நகர் | 19 நவம்பர்

விபத்துக்கு அப்புறம் மில் எத்தனை நாள் நின்றது என்று நைட்ஷிப்டு அண்ணனைக் கேளுங்க.

நைட்ஷிப்டு | 19 நவம்பர்

இன்றோடு ஏழு நாள். யாரும் மில் பக்கம் போக மாட்டேன் என்கிறார்கள்.

சேஃப்டிக்காரர் | 19 நவம்பர்

சின்னப்பட்டறை ஐயா, நீங்கள் சொல்வதை ஒதுக்க மாட்டேன், முப்பது வருஷம் இதே புலம்பலைக் கேட்டவன். ஆனால் ‘சரக்கு தெரியல’ என்று உங்கள் ஆள் சொன்னாரே, அது சாக்கு இல்லை. உண்மையிலேயே தெரியாது. தகரத்தை வளைத்துக் கார்டு அடித்தால் தெரியாதுதான். கம்பிவலையிலோ, கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலிகார்பனேட்டிலோ போட்டிருந்தால் கழற்றியிருக்க மாட்டார். வேலைக்கு இடைஞ்சலான கார்டு ஒரு வாரம் தாங்காது. கழற்றினவனைத் திட்டுவதோடு விட்டால் அடுத்த வாரம் இன்னொருத்தன் கழற்றுவான். ரப்பர் மில் ராடும் அதேதான். தோள் பட்டாலே நிற்கிற ராடு சீக்கான ராடு. அதற்கு மருந்து ஒரு ஸ்பிரிங், ராடு நகர்ந்ததும் கரண்டை அறுக்கிற ஒரு லிமிட் ஸ்விட்ச், பிரேக்குக்குப் புது லைனிங். கட்டுக்கம்பி எந்த நோய்க்கு மருந்து?

சட்டமும் இதைத் தெரிந்தேதான் எழுதப்பட்டிருக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவு, ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு இருந்தால் மட்டும் போதும் என்று விடவில்லை. இயந்திரம் ஓடும்போதெல்லாம் அது அதன் இடத்திலேயே இருக்கும்படி பராமரிக்க வேண்டும் என்கிறது. போபால் 1984-இல் நடந்த பிறகு, 1987-இல் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலாளியின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் நடைமுறையில் முடிந்த அளவு உறுதிசெய்வது உடைமையாளரின் பொதுக்கடமை. ஆபத்து இல்லாத இயந்திரம், அதற்கான பராமரிப்பு, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் அதில் அடக்கம்.

தொழிலாளிக்குக் கடமையே இல்லையா என்றால், உண்டு. 111-ஆம் பிரிவு. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது. மீறினால் 3 மாதம் வரை சிறை அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடைமையாளர், மேலாளர் பக்கம் 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். பாதுகாப்பு அத்தியாயத்தை மீறியதால் பலத்த காயம் என்றால் அபராதம் 5,000-க்குக் குறையக்கூடாது, உயிர் போனால் 25,000-க்குக் குறையக்கூடாது. 100 ரூபாயையும் 1 லட்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாரம் யார் தலையில் என்று சட்டம் நினைக்கிறது தெரியும்.

பஞ்சாலைவீட்டுப்பிள்ளை | 20 நவம்பர்

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். விரல் போனால் ஊரே பார்க்கும். என் அப்பாவுக்குப் போனது காது. 26 வருஷம் பஞ்சாலையில் தறிப்பக்கம். எங்கள் வீட்டு டிவி சத்தம் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். அம்மா ‘சாப்பிட வாங்க’ என்று கூப்பிட மாட்டார், லைட்டை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடுவார். அதுதான் சைகை. யாரும் அப்பாவிடம் கடிதம் வாங்கவில்லை, ஏனென்றால் என்றைக்குப் போனது என்று நாளே கிடையாது.

பஞ்சை உதிர்த்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில் இருந்த சித்தப்பாவுக்கு நெஞ்சு. ஞாயிறு லீவில் நன்றாக இருப்பார், திங்கள் சாயங்காலம் இறுக்கிப் பிடிக்கும். ‘லீவு எடுத்த கொழுப்பு’ என்று கேலி செய்வோம். அது பஞ்சுத்தூசி நோய்க்கே உரிய அடையாளம், ஓய்வுக்குப் பிறகு வருகிற முதல் நாளில்தான் அதிகம் தெரியும் என்று ஒரு டாக்டர் சொன்னபோது சித்தப்பா இல்லை.

சேஃப்டிக்காரர் | 20 நவம்பர்

விலகவில்லை, இதே பேச்சுதான். சத்தத்துக்கு 8 மணி நேர ஷிப்டில் 90 டெசிபல் என்று வரம்பு. 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம்தான். கையளவு தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் மீட்டர் வைத்து அளக்கிற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சுத்தூசி நோயும் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையும் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்கள்.

மேலூர்க்கல் | 20 நவம்பர்

அந்த அட்டவணையில் கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸும் இருக்கும், எங்கள் ஊர்ச் சொத்து. கல் அறுக்கிற இடத்தில் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பாதிக்கு மேல் அடங்கும். ஆனால் தண்ணீர் விட்டால் சேறு, சேற்றை அள்ள ஆள், அதற்குக் கூலி. அதனால் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தண்ணீர் விடாமல் அறுப்பது. துண்டில் நிற்கிற தூசி கண்ணுக்குத் தெரிகிற தூசி. நெஞ்சுக்குள் போவது அதைவிடப் பொடி. மதியம் சோற்றுத்தூக்கைத் திறந்தால் மூடியில் விரலால் பேர் எழுதலாம்.

விளக்குத்தூண்_அக்கா | 20 நவம்பர்

நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஜவுளிக்கடையில் 9 வருஷம் நின்றே வேலை. கால் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்க்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது தெரியுமா? எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆபீசர் வந்தால் இறக்குவதற்கு. தீபாவளிக்கு முந்தின வாரம் அதன் மேல் அட்டைப்பெட்டி ஏற்றிவிட்டார்கள்.

இழைக்காப்பாளர் | 20 நவம்பர்

நல்ல பதிவுகள், ஆனால் நைட்ஷிப்டு கேட்ட கேள்வி காத்திருக்கிறது. கல், கடை இரண்டுக்கும் தனி இழை தொடங்கினால் நான் மேலே ஒட்டி வைக்கிறேன்.

நைட்ஷிப்டு | 21 நவம்பர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, கையுறை. போன வருஷம் ஒரு கம்பெனிக்காரர்கள் ஆடிட் வந்தபோது ‘பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். மறுவாரம் மூன்று டஜன் காட்டன் கையுறை வந்து இறங்கியது. அதுவரை வெறுங்கையோடுதான் மில்லில் நிற்போம். நான்தான் கையுறை போடாதவர்களை அதட்டினேன்.

இரண்டாவது. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கம்பெனி வாட்ஸாப் குழுவில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை, அக்டோபர் 11. முதலாளி ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வருகிறார். மிக்சிங் மில்லில் ரோலுக்கு வைத்துவிட்டு ராடுக்கும் ஒரு பொட்டு வைக்கிறார். பொட்டுக்கும் அவர் கைக்கும் நடுவே கட்டுக்கம்பி, முறுக்கின நுனி மேலே நீட்டிக்கொண்டு, பளிச்சென்று தெரிகிறது. படம் எடுத்தவன் நான்.

கூடல்நகர் | 21 நவம்பர்

சாமி சத்தியமா புல்லரிச்சுப் போச்சுண்ணே.

சேஃப்டிக்காரர் | 21 நவம்பர்

அந்தப் படத்தை முதலில் வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். குழுவிலிருந்து காணாமல் போகலாம்.

அது ஏன் முக்கியம் என்றால் தொழிற்சாலைகள் சட்டத்தின் 101-ஆம் பிரிவு. உடைமையாளரோ மேலாளரோ ‘உண்மையான குற்றவாளி இன்னார்’ என்று வேறு ஒருவரைக் காட்டித் தப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் இரண்டையும் நிரூபிக்க வேண்டும். சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தாம் உரிய அக்கறை எடுத்தோம் என்பது ஒன்று. அந்த ஆள் செய்தது தமக்குத் தெரியாமல், தம் சம்மதமோ கண்டுங்காணாமையோ இல்லாமல் நடந்தது என்பது இன்னொன்று. பொட்டு வைத்த கை ‘தெரியாது’ என்று எப்படிச் சொல்லும்? உங்களிடம் சாட்சிக் கையெழுத்து கேட்பதன் அடி இதுதான். பையனை மாட்டிவிடும் காகிதம் மட்டும் இல்லை, ‘சூப்பர்வைசர் முன்னிலையில் ஒப்புக்கொண்டான், எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது’ என்று 101-க்குப் படி கட்டுகிறார்கள்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும் தம்பி, கோபிக்காதீர்கள். ஆவணியிலிருந்து நீங்களும் பார்த்தீர்கள். யாரிடமாவது எழுத்தில் சொன்னீர்களா?

கையுறை விஷயத்துக்கு: சுற்றுகிற ரோல் பக்கம், டிரில்லிங் மெஷின் பக்கம் கையுறை பாதுகாப்பு இல்லை, தூண்டில். வெறுங்கை வழுக்கிக்கொண்டாவது வரும், துணி இழுத்துக்கொண்டு போகும். 22-ஆம் பிரிவில் ஓடுகிற இயந்திரத்தின் பக்கம் பயிற்சி பெற்றவர் இறுக்கமான உடையில்தான் போகவேண்டும், அந்த உடையையும் உடைமையாளரே கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. தொங்குகிற துண்டு, தாவணி, வேட்டி நுனியால் போன உயிர்கள் அத்தனை. உடம்பில் மாட்டுகிற சாமானை எப்போதும் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். கை அங்கே போகத் தேவையே இல்லாமல் செய்ய முடியுமா, போனாலும் மெஷின் நிற்குமா என்று மேலிருந்து கேட்டுக்கொண்டு வர வேண்டும். உங்கள் கம்பெனியில் தலைகீழாகக் கையுறையிலிருந்து தொடங்கி அங்கேயே முடித்துவிட்டார்கள்.

நைட்ஷிப்டு | 21 நவம்பர்

இல்லை சார். எழுத்தில் சொல்லவில்லை. ஃபிட்டரிடம் இரண்டு தடவை வாயால் சொன்னேன். அவர் ‘ஸ்பிரிங் சொல்லியிருக்கு’ என்றார். அப்புறம் நானும் பழகிவிட்டேன். பேட்ச் கணக்கு கூடினதில் எனக்கும் மாதம் 800 ரூபாய் இன்சென்டிவ் வந்தது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சின்னப்பட்டறை | 22 நவம்பர்

நைட்ஷிப்டு, உண்மையை எழுதினீர்கள், மரியாதை. நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு நேற்றுக் காலை என் பட்டறையைச் சுற்றி வந்தேன். முதலாளியாக இல்லாமல் புது ஹெல்பராகச் சுற்றினேன். பவர் பிரஸ்ஸுக்கு இரண்டு கைப் பட்டன் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அடிக்கும். ஒரு பட்டனில் ஐஸ்குச்சியைச் செருகி டேப் ஒட்டியிருந்தது. டேப் அழுக்கேறிப் பழசாக இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் என் ரூமுக்குப் போகிறேன்.

ஆனாலும் இன்ஸ்பெக்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைப்பதை ஏற்க மாட்டேன். அதில் இருக்கிற செலவு வேறு மாதிரிச் செலவு. புரிந்தவர்களுக்குப் புரியும்.

மேலூர்க்கல் | 22 நவம்பர்

குச்சியைப் பிடுங்கினீர்களா?

சின்னப்பட்டறை | 22 நவம்பர்

பிடுங்கினேன். ஏன் செருகினாய் என்று கேட்டேன். இரண்டு பட்டனும் தூரதூரமாக இருக்கிறது, நாள் முழுக்க அழுத்தினால் தோள்பட்டை விட்டுப்போகிறது என்றான். பட்டன் மட்டத்தைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீஷியனுக்கு 600 ரூபாய்.

வைகை_வடகரை | 22 நவம்பர்

ஹாண்ட்வீலை எந்தப் பக்கம் திருப்புவது என்று சண்டை போட்டார்கள் என்று எழுதியிருந்தாரே, அது என்னைத் தூங்கவிடவில்லை. மாட்டினவனை எப்படி வெளியே எடுப்பது என்று யாரும் யோசித்தே வைப்பதில்லை. 2022 ஏப்ரலில் நம்ம நேரு நகரில் கழிவுநீர் உந்துநிலையத்தில் மூன்று பேர் போனார்களே, ஒருவர் விழ, காப்பாற்றப் போனவர்களும் போனார்கள். முதலில் தண்ணி போட்டிருந்தானா என்று கேட்டதற்கு மன்னிக்கவும்.

சேஃப்டிக்காரர் | 23 நவம்பர்

தொட்டிக்குள் இறங்க வேண்டுமென்றால் காற்றைச் சோதித்துத் தகுதியானவர் எழுத்தில் சான்று தரவேண்டும், இல்லையென்றால் சுவாசக்கருவியும் இடுப்புக் கயிறும், அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி வெளியே ஓர் ஆளும் வேண்டும். 36-ஆம் பிரிவு. மில்லுக்கும் அதே மாதிரி யோசனை வேண்டும். ஹாண்ட்வீலில் அம்புக்குறி போட ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

நைட்ஷிப்டு, நீங்கள் செய்ய வேண்டியதை நேராகச் சொல்கிறேன். அவர் டைப் அடித்ததில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே ஒரு காகிதத்தில் தேதி, நேரம், கண்ணால் பார்த்தது, ராடு எப்போதிலிருந்து கட்டியிருந்தது, நீங்கள் ஃபிட்டரிடம் சொன்னது, எழுத்தில் சொல்லாமல் விட்டது, எல்லாம் எழுதி, நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வரமுடியாத காயம் என்றால் விபத்து அறிவிப்பு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போயிருக்க வேண்டும். போனதா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் நீங்கள் புகார் கொடுக்கலாம். யார் கொடுத்தது என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது, 118-ஏ.

நைட்ஷிப்டு | 1 டிசம்பர் 2024

தாமதத்துக்கு மன்னிக்கவும். கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. நானே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், இன்சென்டிவ் விஷயம் உட்பட. முதலாளி படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவருக்கே ஞாபகம் வந்திருக்கும் போல, குழுவிலிருந்து அன்று சாயங்காலம் அது நீங்கியது. என்னிடம் இருக்கிறது.

மறுநாள் ஆடிட்டர் வந்தார். அவர் என்ன சொன்னாரோ, விபத்து அறிவிப்பு போனது. தம்பிக்கு இ.எஸ்.ஐ. எண் வாங்கி, சேர்ந்த நாளிலிருந்து சந்தா கட்டினார்கள். தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இப்போது காட்டுகிறார்கள். அவன் அம்மா ஃபோனில் ‘வேலை போயிருமாப்பா’ என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். இ.எஸ்.ஐ. தற்காலிக ஊனப் பலன் வாங்குகிற காலத்தில் நீக்க முடியாது என்று நீங்கள் தனிச்செய்தியில் சொன்னதைச் சொன்னேன்.

மில்லுக்குப் புது பிரேக் லைனிங், ஸ்பிரிங், லிமிட் ஸ்விட்ச். இதற்காக நிறுத்தியது நான்கு நாள். ஆர்டர் எங்கேயும் போகவில்லை. காட்டன் கையுறையை எடுத்துவிட்டோம். ரோலின் நடுமட்டத்துக்கு மேலே கத்தி பிடித்த கை போகக்கூடாது என்று மஞ்சள் கோடு போட்டிருக்கிறது.

எனக்கு இன்சென்டிவ் நின்றுவிட்டது. வேலை இருக்கிறது.

ஒத்தக்கடை_77 | 9 டிசம்பர் 2025

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். நவம்பர் 21-லிருந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன என்கிறார்களே, மேலே சொன்ன பிரிவெல்லாம் செல்லாதா? எங்கள் பட்டறையில் 16 பேர்.

சேஃப்டிக்காரர் | 10 டிசம்பர் 2025

நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கின்றன. பிரிவு எண்கள் மாறிவிட்டன, அதனால் மேலே நான் எழுதிய எண்களைப் புது விபத்துக்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள். மின்சாரம் வைத்து ஓடும் இடத்தில் 10 பேர் என்றிருந்தது இப்போது 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. ஆகவே உங்கள் 16 பேர் தொழிற்சாலைக்குள் வரமாட்டீர்கள். ஆனால் 10 பேர் இருக்கிற நிறுவனத்துக்கே முதலாளியின் பொதுக்கடமை பொருந்தும், ஆபத்தில்லாத பணியிடம், நியமனக் கடிதம் எல்லாம் அதில் வரும். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகப் பட்டால் முதலாளியிடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் தெரிவிக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. 16 பேர் ஆகட்டும், 6 பேர் ஆகட்டும், ரோலுக்கு அது தெரியாது.

நைட்ஷிப்டு எங்கே, ஆளையே காணோம்?

நைட்ஷிப்டு | 12 டிசம்பர் 2025

இருக்கிறேன் சார். தம்பி மார்ச்சில் திரும்பி வந்துவிட்டான், எடை போடுகிற பிரிவில் இருக்கிறான். இடதுகையால் எழுதப் பழகி, என் கையெழுத்தைவிட நன்றாகவே எழுதுகிறான். மாதாமாதம் இ.எஸ்.ஐ. பணம் வங்கிக்கு வருகிறது.

நீங்கள் ஒருதடவை சொன்ன சாக்பீஸ் சோதனையை ஷிப்டு தொடங்கும்போது தினமும் செய்கிறோம். ரோல் ஓரத்தில் ஒரு கோடு, சட்டத்தில் ஒரு கோடு. வெறும் ரோலை ஓடவிட்டு, கோடு நேருக்கு நேர் வரும்போது ராடை முட்டி, ரோல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்ப்பது. பழைய பிரேக்கில் முக்கால் சுற்றுக்கு மேல் போகும். இப்போது ஒரு சாணுக்குள் நிற்கிறது. ஒரு சாணைத் தாண்டினால் மில் ஓடாது, ஃபிட்டர் வந்த பிறகுதான். கணக்கு நோட்டில் தம்பிதான் எழுதுகிறான்.

போன வாரம் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, இரண்டு டப்பாவுக்குப் பில் போட்டு அனுப்பினேன். ‘என்னய்யா பள்ளிக்கூடமா நடத்துற’ என்றார் முதலாளி. கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்.